எட்டுக்குப் பத்து

நவம்பர் 28, வியாழன்

கயிற்றுக் கம்பெனிக்காரன் வருஷாவருஷம் கொடுக்கிற டைரியில் சரக்கு வந்த தேதி தவிர வேறு எதையும் நான் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன். டி.வி. பழுது. மனைவி பொன்மணி போய்ச் சேர்ந்த இந்த ஏழு வருஷத்தில் சாயங்காலத்தை ஓட்டிக் கொடுத்தது அந்தப் பெட்டிதான்.

புயல் வருகிறது என்று அறிவித்துவிட்டார்கள். கடையில் நிற்க இடமில்லை. ஊர் பயந்தால்தான் தார்ப்பாய்க் கடையில் கூட்டம். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. மழை பெய்யக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும் தார்ப்பாய் வியாபாரி பொய் சொல்கிறான்.

கருவாட்டுக்காரி வந்தாள். வியாழக்கிழமை சந்தையில் கூடை காலியானதும் இங்கே வந்து கயிற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவது அவள் வழக்கம். இன்று கயிற்றுக் கட்டே விற்றுப்போயிற்று. நின்றபடி குடித்தாள்.

“என்ன அண்ணாச்சி, புயல்னதும் மொகத்துல களை கட்டுது?”

“உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு.”

“எனக்கு என்ன வேணும்? நீங்க குடுத்த ஆரஞ்சுப் பாயி மூணு வருஷமா கிழிய மாட்டேங்குது. கிழிஞ்சால்ல புதுசு வாங்க?”

அந்த ஆரஞ்சு ஒரு தப்பு லோடில் வந்தது. கண்ணைக் குத்துகிறது என்று ஒருவரும் தொடவில்லை. இவள்தான் கேட்டு வாங்கினாள். ஊரில் அந்தக் கலர் வேறு யாரிடமும் கிடையாது.

“காத்து பலமா வந்தா பாயைக் கழட்டி மடிச்சு வச்சிரு,” என்றேன். “கூரை பறந்தா கீத்து போட்டுக்கலாம். பாய் பறந்தா மறுபடி என்கிட்டதான் வரணும்.”

“வந்தா என்ன, கடிச்சா திங்கப் போறீங்க?”

பாயைக் கழட்டி வைக்கச் சொல்வது எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வதுதான். முகத்துவாரத்துக்குத் தெற்கே ஏதோ திட்டில் வீடு என்பாள். நான் போனதில்லை. முப்பத்தொரு வருஷமாகக் கடலுக்கு ஒன்பது கிலோமீட்டரில் கடை வைத்திருக்கிறேன், கால் நனைத்தது நாலு தடவை இருக்கும். சரக்கு எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பது வியாபாரி வேலையில்லை.

நவம்பர் 30, சனி

அடித்துவிட்டு ஓய்ந்தது. உயிரோடு இருக்கிறேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

கரண்ட் இல்லை, போன் இல்லை. மகள் செல்வராணி ஹைதராபாத்திலிருந்து ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிடுவாள். பத்து மணிக்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டவரே விழுந்து கிடக்கிறது என்று தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன்.

பின்னறைக் கூரையில் ஒரு மூலை ஒழுகுகிறது. தார்ப்பாய் விற்கிறவன் வாளி வைத்துத் தூங்கினேன்.

வந்து விசாரித்தவர்: டீக்கடை காஜா. விசாரிக்காமல் தார்ப்பாய் கேட்டவர்கள்: மற்ற எல்லோரும்.

டிசம்பர் 2, திங்கள்

ஒரு நிவாரண அமைப்பிலிருந்து ஏழு பேர் ஜீப்பில் வந்தார்கள். கான்கிரீட் மாடி உள்ள இடம் வேண்டுமாம். கடைவீதியில் தப்பித்த மாடி என்னுடையதுதான். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பொறுப்பாளர் ஜெனிட்டா என்று ஒரு பெண். மார்த்தாண்டம் பக்கம். முப்பது வயது இருக்காது. லேப்டாப்பைத் திறந்தால் நம் கடற்கரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். ஒவ்வொரு கட்டமும் ஒரு கூரை. செயற்கைக்கோள் எடுத்த படத்தைப் பார்த்து, எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒவ்வொரு கூரையையும் சுற்றிக் கோடு இழுத்திருக்கிறார்களாம். எந்தக் கூரையில் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் எத்தனை கேன் தண்ணீர், எத்தனை பொட்டலம் என்று படகில் ஏற்ற முடியும்.

“சும்மாவா இழுத்துக் குடுத்தாங்க?”

“சும்மாதான் அண்ணாச்சி.”

“அவங்களுக்கு வேற சோலி இல்லையா?”

“உங்களை மாதிரி தனியா இருக்கவங்களா இருக்கும்,” என்றாள். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். பாவம், சின்னப் பெண்.

என் கட்டடத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. “இது வீடா, கடையா?” என்று கேட்டாள்.

“கிடங்குன்னு போடு. படுக்கிறதுக்கு ஒரு ரூம் இருந்தா அது வீடாயிருமா?”

கிடங்கு என்று அடித்தாள். வசிப்பவர் என்ற இடம் தானாகவே மறைந்துபோயிற்று. கிடங்கில் ஆள் கேட்காது போல.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று நான் பிரயோஜனப்பட்டேன்.

புன்னைக்குப்பத்தில் ஒரு சிக்கல். படத்தில் நூற்று நாற்பத்தேழு கூரை. ஊர் கொடுத்த எண்ணிக்கை நூற்றுப் பதினெட்டு குடும்பம். இருபத்தொன்பது கூரை இடிக்கிறது. அந்த லிஸ்ட்டை வைத்துத்தான் நாளைக்குப் படகு. சாயங்காலத்துக்குள் தீர்த்துச் சொல் என்று தலைமை ஆபீஸ் சாட்டிலைட் போனில் ஜெனிட்டாவை நெருக்குகிறது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மிச்சம் இருக்கிற கூரையோட நீள அகலம் சொல்லும்மா.”

“சின்னது அண்ணாச்சி. ஏழே முக்கால் அடிக்குப் பத்து. இது எட்டுக்கு ஒன்பதே முக்கால். இதுவும் அப்படித்தான்.”

“எட்டுக்குப் பத்து. ஓரம் மடிச்சு அடிச்சிருப்பான். வலைக்கொட்டகை. வலையும் சாமானும் போட்டு வைக்கிறது. நான் வித்த பாய்தான்.”

“உறுதியாவா? கூரை போட்டோ தெரிஞ்சா நல்லாருக்கும். நெட் இல்ல, கோடு மட்டும்தான் ஏறியிருக்கு.”

“போட்டோ எதுக்கு? வீட்டுக்குன்னா பன்னெண்டுக்குப் பதினஞ்சு கேப்பான், பதினஞ்சுக்கு இருபது கேப்பான். எட்டுக்குப் பத்துல ஒரு குடும்பம் காலை நீட்டிப் படுக்க முடியாது. முப்பத்தொரு வருஷமா வெட்டுறேன், எனக்குத் தெரியாதா?”

“அப்போ நீங்களே அமுக்குங்க,” என்று என் பேரை அடித்து லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

இருபத்தொன்பது தடவை அமுக்கினேன். கொட்டகை. கொட்டகை. கொட்டகை. கடைசியை அமுக்கியதும் மேலே இருந்த எண் மாறியது: 118. ஊர் சொன்னதும் 118. தாழ்ப்பாள் விழுவதுபோல உட்கார்ந்தது.

ஏழு பேரும் கை தட்டினார்கள். எனக்கு யாராவது கை தட்டி எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை.

டிசம்பர் 4, புதன்

படகு போய்த் திரும்பிவிட்டது. நூற்றுப் பதினெட்டு வீட்டுக்கும் தண்ணீர், அரிசி, விரிப்பு. மிச்சமில்லை, குறைவில்லை. தலைமை ஆபீஸிலிருந்து பாராட்டு. அதை ஜெனிட்டா எனக்கு வாசித்துக் காட்டினாள்.

மதியம் மாடியில் எட்டுப் பேராக உட்கார்ந்து உப்புமா தின்றோம். ரவை கட்டி தட்டியிருந்தது. இரண்டாம் தடவை வாங்கித் தின்றேன்.

டிசம்பர் 5, வியாழன்

சந்தை இல்லை. யாரும் வரவில்லை. பஸ்ஸே ஓடாதபோது யார் வருவார்கள்?

பழக்கதோஷத்தில் இரண்டு டீ சொல்லிவிட்டேன். காஜா ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். அவன் ஏதாவது கிண்டல் பண்ணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பர் 6, வெள்ளி

டவர் வந்தது. செல்வராணி பேசினாள். “அப்பா, போதும்ப்பா, கடையை மூடிட்டு இங்க வந்துருங்க,” என்றாள். வழக்கமான பேச்சு. “பார்ப்போம்,” என்றேன். வழக்கமான பதில்.

மாடியிலும் நெட் வந்துவிட்டது. கோட்டுக்கு அடியில் படம் விழ ஆரம்பித்தது. புயலுக்கு முந்தின படம். சும்மா பார்க்கலாம் என்று போனேன். என் சரக்கை மேலே இருந்து நான் பார்த்ததே இல்லை. நீலம் எல்லாம் இரண்டு வருஷத்துக்கு முந்தின லோடு, வெளுத்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். வெள்ளி நிறம், போன கோடையில் விற்றது. ஓரம் கருத்தது பழைய பேனர். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஜெனிட்டாவின் ஆட்கள் வாய் பிளந்து கேட்டார்கள்.

“கீழ போம்மா. முகத்துவாரத்துக்குத் தெக்கால.”

“அங்க யாரு அண்ணாச்சி?”

“யாரும் இல்ல. ஒரு வாடிக்கை.”

தண்ணீருக்கு அந்தப் பக்கம் நீளமாக ஒரு மணல் திட்டு. சவுக்கும் தாழையும் மறைத்த இடத்தில் ஒரு கும்பல் சின்னக் கூரைகள். நடுவில் ஆரஞ்சு.

அதைச் சுற்றி இழுத்திருந்த கோட்டின் மேல் ஜெனிட்டா அம்புக்குறியை வைத்தாள். எழுத்து வந்தது. கொட்டகை. சரிபார்த்தவர்: தங்கப்பழம்.

அது என் பெயர்தான். நான் அதைப் படித்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பாயை நான்தான் வெட்டினேன். எவ்வளவு வேணும் என்று கேட்டதற்கு, “எனக்கு ஒருத்திக்கு எவ்வளவு அண்ணாச்சி வேணும், எட்டுக்குப் பத்து போதும்” என்றாள். கத்தரியைப் பிடித்த கை இந்தக் கைதான். செவ்வாய்க்கிழமை எனக்கு அது நினைவு வரவில்லை. சைஸைப் பார்த்தேன். இடத்தைக் கேட்கவில்லை.

“புயலுக்கு அப்புறம் எடுத்த படம் இருக்கா?”

போட்டாள். திட்டு இரண்டாக அறுந்து கிடந்தது. நடுவில் கடல் வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. கூரை என்று ஒன்றுமில்லை. ஆரஞ்சு எங்குமே இல்லை. மூன்று தடவை மேலும் கீழும் இழுக்கச் சொன்னேன்.

“அண்ணாச்சி, உங்களுக்கு வேண்டியவங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“படகு போனப்ப அந்தத் திட்டுக்குப் போச்சா, இல்லையா? அதைச் சொல்லு.”

“கொட்டகைன்னு இருந்ததால போகல.”

பைக்கை எடுத்துக்கொண்டு புன்னைக்குப்பம் போனேன். வழி முழுக்க மரம். ஒன்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். ஊர்ப் பஞ்சாயத்தார் நாகமுத்து உடைந்த படகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“தெற்குத் திட்டுல குடி இருக்கா?”

“இருக்கே. ஒரு இருபத்தொம்பது வீடு. எல்லாம் புருசன் இல்லாத பொம்பளைங்க. கரையோரம் எடம் பத்தலன்னு அங்கிட்டுப் போயி குடிசை போட்டுக்கிட்டாங்க.”

“பிறகு ஏன்யா நூத்திப் பதினெட்டுன்னு சொன்னீரு?”

“குடும்பம் எத்தினின்னு கேட்டாங்க. எங்க ஊர்ல தலைக்கட்டு நூத்திப் பதினெட்டு. பொய்யா சொன்னேன்?”

“அந்தப் பொம்பளைங்க?”

“அவங்க வரி குடுக்குறதில்லையே அண்ணாச்சி. ஆம்பள இருந்தாத்தான் தலைக்கட்டு. கோயில் வரிக்குக் காலங்காலமா அப்படித்தான எண்ணுறோம்? நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரியாது.” என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “ஏன், உங்க படகு அங்கிட்டுப் போவலையா? அதான் கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு கூரையும் இருக்குன்னாங்களே. போயிருக்கும்னுல்ல நெனச்சோம். எங்ககிட்ட முழுசா ஒரு படகு இல்ல, பாருங்க.”

அவர் தலைக்கட்டை எண்ணினார். நான் பாயை எண்ணினேன். இரண்டு பேர் தப்பும் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் அது அவ்வளவு சரியாக வந்து உட்கார்ந்தது.

டிசம்பர் 7, சனி

விடிந்ததும் படகில் போனேன். வேண்டாம், வயதாகிறது என்று ஜெனிட்டா சொன்னாள். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வழியில் இரண்டு தடவை வாந்தி.

திட்டில் ஒரு சுவர்கூட நிற்கவில்லை. சட்டி, தகரம், ஒரு செத்த ஆடு. கத்திக் கூப்பிட்டோம். பதில் இல்லை. மணலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. நின்றபடி பார்த்தால் தாழம்புதர் மறைக்கிறது. அதற்கு அடியில், இரண்டு மேட்டுக்கு நடுவில், ஒரு துண்டு ஆரஞ்சு.

முப்பத்துமூன்று பேர் இருந்தார்கள். இருபத்தெட்டுப் பெண்கள், ஐந்து பிள்ளைகள். புதரோடு புதராகப் பாயை இழுத்துக் கட்டி அடியில் கிடந்தார்கள். மேலே தாழை ஓலை பரப்பியிருந்ததால் படத்தில் கலர் விழவில்லை. நடந்து வர முடிந்தது நாலைந்து பேருக்குத்தான். அதில் அவள் ஒருத்தி. உதடு வெடித்திருந்தது.

“யாரு... அண்ணாச்சியா?” என்றாள். “கடைய யாரு பாத்துக்கிறா?”

தண்ணீர்க் கேனைத் திறக்கத் தெரியாமல் திருகிக்கொண்டிருந்தேன். அவளே வாங்கித் திறந்தாள். தான் குடிக்கவில்லை, பின்னால் அனுப்பினாள்.

“நீங்க சொன்ன மாதிரியே காத்துக்கு முன்னாடி கழட்டி மடிச்சு மண்ணுல பொதைச்சு வச்சிட்டேன். மத்தவளுங்க பாயெல்லாம் பறந்துபோச்சு. அடுத்த ரெண்டு நாளு மழைத் தண்ணிய இதுலதான் புடிச்சோம். அதுக்கப்புறம் மழை இல்ல. ஊத்துல உப்பு.” மூச்சு வாங்கினாள். “புதன்கெழம அந்தாண்ட படகு வந்த சத்தம் கேட்டுச்சு. எங்ககிட்டயும் வரும்னு கரையில போயி நின்னோம். திரும்பிப் போற சத்தந்தான் கேட்டுச்சு.”

நான் கேனை இறக்கினேன்.

“பட்டு அக்கா முந்தா நாளு போயிருச்சு. உப்புத் தண்ணி குடிச்சு வயித்தால போயி. அந்தா, அந்த மேட்டுலதான்.”

இருபத்தொன்பது கூரை. இருபத்தெட்டுப் பெண்கள். முந்தாநாள் வியாழக்கிழமை. புதன்கிழமைத் தண்ணீர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இங்கே எழுதத் தேவையில்லை.

அவளிடம் சொல்லவில்லை. கேன் இறக்குகிற வேலை இருந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

திட்டுப் பெண்களைப் பள்ளிக்கூட முகாமில் சேர்த்தாயிற்று. படிவம் நிரப்ப நானும் உட்கார்ந்தேன். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் ஒவ்வொருத்தியும் செத்த புருஷன் பெயரைச் சொல்கிறாள். “உன் பேரைச் சொல்லும்மா” என்றால் சிரிக்கிறார்கள். கருவாட்டுக்காரியின் படிவம் என்னிடம்தான் வந்தது. பெயர் வேம்பு. வயது நாற்பத்தாறு. குடும்பத்தில் ஆள்: ஒன்று. எனக்கு அவள் பெயர் தெரியும். இதுவரை எழுதியதில்லை, அவ்வளவுதான்.

ஜெனிட்டா தலைமை ஆபீஸுக்கு அறிக்கை எழுதினாள். ‘வகைப்படுத்தலில் பிழை’ என்று போட்டிருந்தாள்.

“என் பேரைப் போடு,” என்றேன்.

“பேர் போட அதுல எடம் இல்ல அண்ணாச்சி. அமுக்கினது நீங்க, ஒத்துக்கிட்டது நான்.” அவள் கண் சிவந்திருந்தது. “எண் சரியா வந்ததும் நான் நிறுத்திட்டேன். அதான் தப்பு.”

இன்று முதல் படத்தில் எதை மாற்றினாலும் ஒரு கேள்வி வரும்படி செய்துவிட்டாள்: நேரில் பார்த்தீர்களா? ஆம் என்று அமுக்கினால்தான் மாறும். மாற்றியவர் ஒருவர், ஒப்புக்கொள்பவர் இன்னொருவர். இருவரும் பார்த்திருக்க வேண்டும்.

டிசம்பர் 10, செவ்வாய்

செல்வராணி கேட்டாள், “என்னப்பா விசேஷம்?”

“ஒண்ணுமில்ல. வியாபாரம் ஜோர்.”

“குரல் ஒரு மாதிரி இருக்கு.”

“உப்புக் காத்து.”

டிசம்பர் 12, வியாழன்

வந்தாள். கூடை இல்லாமல் கையை வீசிக்கொண்டு வந்தாள். கயிற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். டீ வந்தது.

“முகாம்ல தர்ற டீ இருக்கே அண்ணாச்சி, வெந்நி. அதுக்குப் பயந்தே ஓடியாந்துட்டேன்.”

எட்டுக்குப் பத்து இல்லை, பதினைந்துக்கு இருபது ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். அதை நீட்டினேன்.

“எனக்கு எதுக்கு இம்மாம் பெருசு?”

சொல்லிவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. பாயைக் கொடுத்துவிட்டுச் சொல்லாமல் இருந்தால் அது வேறு வியாபாரம்.

“வேம்பு. உங்க இருபத்தொம்பது வீட்டையும் கொட்டகைன்னு போட்டது நான்தான். படகு வராததுக்குக் காரணம் நான்.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கடைவீதியில் யாரோ ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“எங்க போட்டீங்க? காட்டுங்க,” என்றாள்.

மாடிக்குக் கூட்டிப் போனேன். ஜெனிட்டா எழுந்து இடம் விட்டாள். புயலுக்கு முந்தின படத்தைப் போட்டுக் காட்டினேன். அவள் தன் ஊரை மேலே இருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. விரலை வைத்து வைத்துச் சொன்னாள். “இது என்னுது. இது சரோசா. இது வாசல்ல அடுப்பு வச்சிருப்பா, லச்சுமி.” ஒரு கூரையில் விரல் நின்றது. “இது பட்டு அக்கா. இதை அழிச்சிடாதீங்க.”

“அழிக்கல,” என்றாள் ஜெனிட்டா.

“ஏன் அண்ணாச்சி கொட்டகைன்னு நெனச்சீங்க?”

“சின்னதா இருந்துச்சு.”

“சின்னதாத்தான் இருக்கும். தனி ஆளுதான?”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“உங்க வீடு எங்க?” என்று கேட்டாள். காட்டினேன். ஜெனிட்டா அம்புக்குறியை வைத்தாள். கிடங்கு என்று வந்தது. வேம்பு எழுத்துக்கூட்டி வாசித்தாள். என்னைப் பார்த்தாள்.

“இதுல ஆளு போடலையா?”

“நான்தான் வேணாம்னேன்.”

படியிறங்கிப் போனாள். பதினைந்துக்கு இருபது அங்கேயே கிடந்தது. டீ பாதி இருந்தது.

டிசம்பர் 13, வெள்ளி

பின்னறை ஒழுகலை அடைத்தேன். மற்றபடி ஒன்றுமில்லை.

டிசம்பர் 16, திங்கள்

திட்டுப் பெண்களில் மூன்று பேருக்கு ஜெனிட்டா போனில் படம் மாற்றச் சொல்லிக்கொடுக்கிறாள். இனிமேல் திட்டை அவர்களே எண்ணிக்கொள்வார்கள். வேம்பும் ஒருத்தி. முகாமில் நடக்கிறது. வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டாள். கடையில் வேலை இருக்கிறது என்றேன். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பாயை முகாமுக்கு ஜெனிட்டாவிடம் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வரவில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

சந்தை கூடியது. யாரும் வரவில்லை. ஒரு டீ மட்டும்தான் சொன்னேன்.

டிசம்பர் 21, சனி

ஏழு பேரும் கிளம்பிவிட்டார்கள். அடுத்த ஜில்லாவில் வெள்ளமாம். ஜெனிட்டா என் போனில் அந்தப் படத்தை ஏற்றிக் கொடுத்தாள். இந்தப் பகுதியில் யார் எதை மாற்றினாலும் எனக்குச் செய்தி வருமாம். ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று நான் சொல்ல வேண்டுமாம்.

“என்னை எதுக்கு மறுபடி இதுல வைக்கிற?” என்றேன்.

“இனி நீங்க பாக்காம அமுக்க மாட்டீங்க அண்ணாச்சி. அப்படி ஒரு ஆளு எனக்கு வேணும்.”

மாடியைப் பெருக்கினேன். உப்புமாச் சட்டியைக் கழுவாமல் விட்டுப் போயிருக்கிறார்கள். கழுவினேன்.

டிசம்பர் 26, வியாழன்

சந்தை. வெயில் நன்றாக அடித்தது. காஜா டீ ஒன்றா இரண்டா என்று கேட்டான். ஒன்று என்றேன். யாரும் வரவில்லை.

மதியம் கடையைச் சாத்தப் போகும்போது போன் கூவியது. உங்கள் பகுதியில் ஒரு மாற்றம். திறந்தேன். திட்டில் புதுக் குடிசை எழுந்திருக்கும் என்று நினைத்தேன். படம் திட்டுக்குப் போகவில்லை. கடைவீதிக்கு வந்து நின்றது. என் கட்டம்.

கிடங்கு என்றிருந்தது மாறியிருந்தது.

வீடு. வசிப்பவர்: 1.
மாற்றியவர்: வேம்பு, தெற்குத் திட்டு. இன்று, 11.40.
நேரில் பார்த்தது: ஆம்.

பதினொன்று நாற்பதுக்கு நான் கல்லாவில்தான் இருந்தேன். தலையைக் குனிந்து டீ ஆற்றிக்கொண்டிருந்திருப்பேன். எதிர்ச்சாரியில் எங்கோ நின்று பார்த்திருக்கிறாள். உள்ளே வரவில்லை.

கீழே கேள்வி காத்திருந்தது. ஒப்புக்கொள்கிறீர்களா? நேரில் பார்த்தீர்களா?

விரலை வைக்கப் போனவன் நிறுத்தினேன். ரோட்டைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போனேன். மருந்துக்கடை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷத்தில் இந்தக் கடையை இங்கே நின்று நான் பார்த்ததில்லை. போர்டு. பாதி இறங்கிய ஷட்டர். மேலே கொடியில் ஒரு வேட்டி, ஒரு பனியன். வாசல்படியில் ஒரு டம்ளர்.

“என்ன அண்ணாச்சி, உங்க கடையவே வெறிச்சுப் பாக்குறீங்க?” என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

“ஆள் இருக்கான்னு பாக்குறேன்,” என்றேன்.

கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்தேன். பிறகு அங்கேயே நின்றபடி அமுக்கினேன். ஆம்.